50 ரூபாய் டிரான்ஸ்மிட்டர் முதல் சங்கம் ரேடியோ வரை: சின்ன வானொலிகளும் அவற்றை நடத்தியவர்களும்

#1 மூங்கில்கம்பம்

பீகார், வைசாலி மாவட்டம், மன்சூர்பூர் கிராமம். ராகவ் மஹதோ என்ற இளைஞர் தன் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து ஓர் எஃப்எம் நிலையம் நடத்தினார். பெயர் 'ராகவ் எஃப்எம் மன்சூர்பூர் 1'. 2003-இல் தொடங்கி 2006 மார்ச்சில் அதிகாரிகள் மூடும்வரை ஓடியது. பாட்டுதான் அதிகம். ஆனால் காணாமல்போன பிள்ளைகள் பற்றிய அறிவிப்பு, போலியோ சொட்டு மருந்து, எய்ட்ஸ் விழிப்புணர்வு எல்லாம் அதில் வந்தன. டிரான்ஸ்மிட்டர் செலவு 50 ரூபாய் அளவில்தான் என்று அப்போது செய்திகள் வந்தன. பக்கத்து மூன்று மாடி மருத்துவமனைக் கட்டடத்தின் மேல் மூங்கில் கம்பம், அதன் உச்சியில் ஆன்டெனா, கீழே கடையில் பழைய கேசட் பிளேயர், இரண்டுக்கும் நடுவே நீளமான ஒயர். இவ்வளவுதான் நிலையம்.

முசாபர்பூர், சாரண் மாவட்டங்களிலும் கேட்டதாக எழுதினார்கள். கையடக்க எஃப்எம் சர்க்யூட் 100 மீட்டரைத் தாண்டாது என்றுதான் எல்லாப் பாடமும் சொல்கிறது. அப்படியானால் இது எப்படி நடந்தது? தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். இவரைப் போல வெளியே அதிகம் தெரியாத மற்ற ஒலிபரப்பாளர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

#2 அலைநீளம்

சர்க்யூட்டை விட்டுவிட்டு முதலில் கம்பத்தைப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். ரேடியோ அடிவானத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். மூன்று மாடியும் மூங்கிலும் சேர்ந்து 18 மீட்டர், கேட்பவர் கையில் இருக்கும் ரேடியோ 1.5 மீட்டர் என்று வைத்தால் சுமார் 22 கி.மீ. வருகிறது. வைசாலி கங்கைச் சமவெளி, மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். அதே கருவியை மேசை மேல் வைத்தால் சுவரும் மரமும் தரையும் விழுங்கிவிடும். பாடம் சொல்லும் 100 மீட்டர் அந்த மேசைக்கு உரியது.

அடிவானம் 22 கி.மீ. என்பதால் 22 கி.மீ. வரை தெளிவாகக் கேட்கும் என்று அர்த்தமில்லை. சிக்னல் பலம் வேறு கணக்கு. ஒரு வாட் வெளியேறினால் அந்த உயரத்திலிருந்து கையில் பிடித்த ரேடியோவில் 4, 5 கி.மீ. கேட்கலாம். வீட்டுக் கூரை மேல் ஒரு கம்பி ஆன்டெனா கட்டியவருக்கு இன்னும் தூரம் எட்டும். அலைவரிசை காலியாக இருப்பதும் முக்கியம். அருகில் வேறு நிலையம் இல்லாத இடத்தில் மெலிந்த சிக்னலைக்கூட ரேடியோ பிடித்துக்கொள்ளும். இன்று ஒரு நகரத்தில் அதே கருவியை வைத்தால் பெரிய நிலையங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

ஆன்டெனா உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தூரத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் பலன், வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். ராகவ் அந்த மருத்துவமனை மாடியைத் தேர்ந்ததுதான் அவர் செய்த பெரிய பொறியியல் முடிவு.

#3 சாலிடர்புகை

அலைநீளம் சொன்னது சரி. அந்த வகை சர்க்யூட்டின் குறைகளையும் பேச வேண்டும், இல்லாவிட்டால் யாராவது இதைப் படித்துவிட்டு மாடியில் ஏற்றிவிடுவார்கள். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது இன்றும் குற்றம்.

ஒரு காயில், ஒரு டிரிம்மர், ஒரு டிரான்சிஸ்டர். இந்தக் கூட்டுதான் அலைவரிசையைத் தீர்மானிக்கிறது. டிரான்சிஸ்டர் சூடானால் அலைவரிசை நகரும். பேட்டரி இறங்கினால் நகரும். காற்றில் கம்பம் ஆடி ஆன்டெனா பக்கத்துக் கம்பிக்கு நெருங்கினாலும் நகரும், ஏனென்றால் ஆன்டெனாவும் அலையை உருவாக்கும் அந்த ஆஸிலேட்டரின் ஒரு பாகமாகவே இருக்கிறது. காலையில் 105.5-இல் இருந்தது மதியம் 105.9-இல் இருக்கும். கேட்பவர் குமிழைத் திருகிக்கொள்வார், அது பிரச்சினை இல்லை. ஆனால் எஃப்எம் பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, அங்கிருந்து 137 வரை விமானப் போக்குவரத்துக்கானது. பட்டையின் மேல்முனையில் கட்டுப்பாடில்லாத ஆஸிலேட்டரை வைப்பது உண்மையிலேயே ஆபத்து.

இன்னொன்று ஹார்மோனிக்ஸ். 105.5-இல் அனுப்பினால் 211-இலும் 316.5-இலும் குட்டிபோடும். தரமான டிரான்ஸ்மிட்டரில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்கும்: அலைவரிசையைப் படிகத்தோடு பூட்டும் பிஎல்எல், கடைசிக் கட்டத்துக்குப் பிறகு ஹார்மோனிக்ஸை வடிகட்டும் லோ-பாஸ் ஃபில்டர். கூடவே, குரல் எவ்வளவு ஏறினாலும் அலைவரிசை விலகும் அளவு 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல் பிடிக்க ஒரு லிமிட்டர். இல்லையென்றால் அறிவிப்பாளர் உரக்கப் பேசும்போது பக்கத்து நிலையத்தின் மேல் வழியும்.

#4 சட்டப்பிரிவு

இந்தக் கதையில் சட்டம் எங்கே நிற்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1885 தந்திச் சட்டமும் 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டமும் ஒலிபரப்பை முழுக்க அரசிடம் வைத்தன. 1995 பிப்ரவரி 9 அன்று வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச் சொத்து என்று சொன்னது. அதன் பிறகும் சிறு வானொலிக்கு முதலில் அனுமதி கிடைத்தது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 தொடங்கியது அந்த வழியில்தான். கிராம அமைப்புகளுக்குக் கதவு திறந்தது 2006 நவம்பரில் வந்த சமுதாய வானொலிக் கொள்கையில்தான். ராகவின் நிலையம் மூடி எட்டு மாதத்துக்குப் பிறகு.

அந்தக் கொள்கை முன்பே வந்திருந்தாலும் ராகவ் உரிமம் பெற்றிருக்க முடியாது. தனி நபருக்கு அனுமதி இல்லை. குறைந்தது மூன்று ஆண்டு சேவை செய்த, பதிவுபெற்ற, லாப நோக்கில்லாத அமைப்பாக இருக்க வேண்டும். அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் கிளை அமைப்புகளுக்கும் இல்லை. அந்த ஊர் மக்களே வைத்துக் கேட்ட நிலையத்துக்கு ஒரு சொசைட்டி பதிவு செய்ய உதவி, வடிகட்டியோடு ஒரு நல்ல டிரான்ஸ்மிட்டர் கொடுத்திருந்தால் போதும் என்பது என் கருத்து.

#5 கேள்விக்குறி

சாலிடர்புகை சொல்வதைப் பார்த்தால் மூடியதே சரி என்று ஆகிறதே?

#6 சாலிடர்புகை

நான் குறை சொன்னது கருவியை. அலைவரிசை நகர்வதும் ஹார்மோனிக்ஸும் சில பாகங்கள் சேர்த்தால் தீரும் குறைகள். உயரம், நேரம், ஊருக்கு என்ன வேண்டும் என்ற தெளிவு, இவை கடையில் கிடைக்காது. அவரிடம் அவை இருந்தன. சட்டப்பிரிவு சொன்ன வழிதான் எனக்கும் சரி.

#7 மண்குரல்

இந்த இழையில் கட்டாயம் வர வேண்டிய இரண்டு பெயர்கள், சங்கம் ரேடியோவை நடத்திய 'ஜெனரல்' நர்சம்மா, அல்கோல் நர்சம்மா. தெலங்கானா, ஜஹீராபாத் அருகே பஸ்தாபூர். அப்போது மேதக் மாவட்டம், இப்போது சங்காரெட்டி. அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கம் 1983 முதல் தலித் பெண் விவசாயிகளின் சங்கங்களோடு சிறுதானியம், விதைச் சேமிப்பு ஆகியவற்றில் வேலை செய்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பி.வி.சதீஷ் 2023 மார்ச்சில் காலமானார்.

இந்தப் பெண்களுடைய சங்கம் ரேடியோவுக்குக் கட்டடமும் கருவிகளும் 1990களின் கடைசியிலேயே யுனெஸ்கோ உதவியுடன் தயாராகிவிட்டன. உரிமம் வரவில்லை. பத்து ஆண்டு காத்திருந்தார்கள். சும்மா காத்திருக்கவில்லை. நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிவு செய்து, கிராமக் கூட்டங்களில் டேப் ரெக்கார்டரில் போட்டார்கள். கேட்ட பெண்கள் அங்கேயே திருத்தம் சொன்னார்கள். 2008 அக்டோபர் 15 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பு தொடங்கியபோது கையில் பதிவுகளும் இருந்தன, பழகிய காதுகளும் இருந்தன. அன்றுதான் முதல் உலகக் கிராமப்புற மகளிர் தினம். தொடங்கி வைத்தவர், வான் அலைகள் பொதுச் சொத்து என்ற 1995 தீர்ப்பை அளித்த அமர்வில் இருந்த நீதிபதி பி.பி.சாவந்த்.

புதிதாக நிலையம் தொடங்குபவர்கள் இங்கே கற்க வேண்டியவை நிறைய. ஒலிபரப்பு நேரம் மாலை 7 முதல் 9 என்றுதான் தொடங்கியது. வயலிலிருந்து வந்து, அடுப்பு வேலை முடிகிற நேரம் அது. 24 மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படும் நிலையம் மூன்றாம் மாதமே சினிமாப் பாட்டால் நிரம்பிவிடும். இரண்டு மணி நேரத்தைச் சொந்தக் குரலால் நிரப்பவே வாரத்துக்கு 14 மணி நேர நிகழ்ச்சி வேண்டும். களப்பதிவில் ஒரு மணி நேரம் எடுத்தால் வெட்டித் தேறுவது பெரும்பாலும் 15, 20 நிமிடம். ஆள் கணக்கை இதிலிருந்து போடுங்கள்.

இரண்டாவது, மொழி. பேசப்படுவது அந்த வட்டாரத் தெலுங்கு. நகரத்துச் செய்தி வாசிப்பாளரின் தெலுங்கு அங்கே யாருக்கும் அடுப்படியில் ஒட்டாது. விதையின் பெயர், களையின் பெயர், மழையின் பெயர் எல்லாம் ஊரில் சொல்கிறபடியே ஒலிக்க வேண்டும்.

பதிவுக்குச் சில நடைமுறைகள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும், அப்போது ப ஒலியில் காற்று முட்டாது. மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரை அறையில் மழைக்காலத்தில் பதிவே செய்ய முடியாது, கூரைக்குக் கீழே தென்னை ஓலையோ பழைய மெத்தையோ இடைவெளி விட்டுக் கட்டினால் சத்தம் ஓரளவு குறையும். ரெக்கார்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். கிராமத்துப் பாட்டிகள் பேசும்போது மெதுவாகத் தொடங்கி, பாட்டு வந்ததும் இரண்டு மடங்கு உயர்த்துவார்கள், அந்த இடம்தான் உடையும்.

#8 கோபுரம்30

அனுமதி விதிகளில் உள்ள எண்களிலிருந்து தொடங்குகிறேன். சமுதாய வானொலிக்குப் பயனுறு கதிர்வீச்சுத் திறன், அதாவது ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து வெளியேறும் திறன், 100 வாட் வரை. ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, 15 மீட்டருக்குக் கீழேயும் இருக்கக்கூடாது. 15 என்ற கீழ்வரம்பு மக்கள் மேல் கதிர்வீச்சு படாமலிருக்க. நடைமுறையில் 50 வாட் டிரான்ஸ்மிட்டரும், 3 டெசிபெல் (இரண்டு மடங்கு) பெருக்கம் தரும் இரண்டடுக்கு டைபோலும் (இரண்டு கை கொண்ட ஆன்டெனா) போதும்.

காசு வீணாகும் இடம் கேபிள். டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்கு 40 மீட்டர் என்று வையுங்கள். மெல்லிய ஆர்ஜி-58 போட்டால் 50 வாட்டில் மேலே போய்ச் சேருவது 12 வாட். ஆர்ஜி-213 என்றால் சுமார் 26 வாட். அரை அங்குல ஃபோம் கேபிளில் 40 வாட். கேபிளில் மிச்சம் பிடித்துவிட்டுப் பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் வைப்பது போல.

டைபோல் அளவு: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 90.4-க்கு 1.58 மீட்டர், அதாவது ஒரு கை 79 செ.மீ. கம்பத்தின் பக்கவாட்டில் பொருத்தும்போது கம்பத்திலிருந்து 80 செ.மீ. அளவுக்காவது தள்ளி இருக்க வேண்டும். ஆன்டெனா எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சற்றுப் பலமாகப் போகும், ஆகவே கிராமங்கள் அதிகமுள்ள திசையைப் பார்த்துப் பொருத்துங்கள்.

ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் நிற்கும் அலை விகிதம் 1.5 வரை கவலை இல்லை, 4 விழுக்காடுதான் திரும்பும். 2 என்றால் 11, 3 என்றால் 25 விழுக்காடு. 3-ஐத் தொட்டால் கருவி தானே திறனைக் குறைத்துக்கொள்ளும், அந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவான கருவியில் கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும். வெயில்காலத்தில் 1.3 காட்டியது முதல் மழையில் 2.5 காட்டினால் பத்தில் ஒன்பது முறை கனெக்டரில் தண்ணீர். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வது போல. கேபிள் அறைக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள், நீர் அங்கே சொட்டிவிடும்.

இடி. கோபுர உச்சியில் இடிதாங்கி, அதிலிருந்து தனிச் செம்புப் பட்டை நேராக எர்த் குழிக்கு. குழியின் தடை 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். கரியும் உப்பும் போட்ட குழி கோடையில் காய்ந்துவிடும், மார்ச்சிலிருந்து வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோபுரத்து எர்த்தையும் ஸ்டுடியோ எர்த்தையும் நிலத்துக்குள்ளேயே தடித்த பட்டையால் இணையுங்கள். பிரித்தே வைத்தால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தம் மிக்சர் வழியாகப் பாயும்.

மின்வெட்டு: டிரான்ஸ்மிட்டர் 150 வாட், மிக்சர் 30, மடிக்கணினி 60, விளக்கு மின்விசிறி 70, மொத்தம் 310. ஒரு 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தி, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் சுமார் 765 வாட்-மணி. இரண்டரை மணி நேரம் வரும். மண்குரல் சொன்ன 7 முதல் 9 வரைக்கு ஒரே பேட்டரி போதும்!

#9 பாக்நீரிணை

கடல் பக்கம் வந்தால் கணக்கு மாறும். பாம்பனில் 2016 முதல் இயங்கும் கடல் ஓசை 90.4, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. ராமேஸ்வரம் தீவைத் தாண்டி அதிகம் பேர் அறியாதது.

அங்கே முதல் எதிரி உப்பு. ஆன்டெனாவின் அலுமினியக் கைகளை எவர்சில்வர் போல்ட்டில் இறுக்கினால் இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். இணைப்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான். பொருத்தும்போதே ஆக்சைடு தடுப்புக் கிரீஸ் பூச வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். கோபுரத்தைப் பிடித்து நிறுத்தும் இழுகம்பிகள் 120 பாகை இடைவெளியில் மூன்று பக்கம். நங்கூரம் கோபுர உயரத்தில் 60 முதல் 80 விழுக்காடு தூரத்தில், 30 மீட்டருக்கு 18 முதல் 24 மீட்டர். காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்துவது வழக்கமாக இருந்தது. அந்த ஊரில் நங்கூரக் குழிக்குச் சிமென்ட் குறைக்கக்கூடாது.

இதைவிட முக்கியம் வானிலையை எப்படிச் சொல்வது என்பது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் காற்று, அலை உயரம், மீன் திரளும் பகுதி ஆகியவற்றை முன்கூட்டித் தருகிறது. "வடக்கிலிருந்து 15 நாட்" என்று வாசித்தால் தாளில் உள்ளதை வாசித்ததாக மட்டும்தான் ஆகும். வாடை என்றால் வடக்கு, கொண்டல் கிழக்கு, சோழகம் தெற்கு, கச்சான் மேற்கு. திசையை இப்படிச் சொல்லி, நாட் கணக்கில் உள்ள வேகத்தை மணிக்கு 28 கி.மீ. என்று மாற்றி, அலை உயரத்தை மீட்டரில் சொல்லி, படகு கிளம்பும் நேரத்துக்கு முன் இரண்டு முறையாவது திரும்பச் சொல்ல வேண்டும். கடலுக்குள் போன பிறகு என்ஜின் சத்தத்தில் காதில் விழுவது குறைவு.

#10 கேள்விக்குறி

உள்ளூர்ச் செய்தி வாசிக்கலாமா? ஊராட்சியில் நடப்பதைச் சொல்ல முடியாவிட்டால் நிலையம் எதற்கு?

#11 சட்டப்பிரிவு

சொந்தச் செய்தி கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பலாம். ஆனால் வானிலை, போக்குவரத்து, உள்ளூர் விளையாட்டு, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, மின்வெட்டு, குடிநீர், பேரிடர், நோய் எச்சரிக்கை ஆகியவை செய்தி என்ற கணக்கில் வராது. "தண்ணீர் ஏன் வரவில்லை" என்று பொறியாளரை உட்காரவைத்துக் கேட்கும் நிகழ்ச்சிக்கு இதில் இடம் இருக்கிறது. நல்ல நிலையங்கள் இந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன. ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் சேமித்து வைப்பது கட்டாயம். புகார் வந்தால் அந்தப் பதிவுதான் உங்கள் சாட்சி.

பணம் பற்றி ஒரு வரி: 2024-இல் விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், அரசு விளம்பரக் கட்டணம் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்ந்தது. அதை நம்பிச் சம்பளத் திட்டம் போட வேண்டாம். அந்த 12 நிமிடம் நிரம்புவது அரிது, நிரம்பினாலும் பணம் கைக்கு வரத் தாமதமாகும்.

#12 மூங்கில்கம்பம்

உரிமம் இல்லாத காலத்தில் வேறு வழி கண்டவர்கள் உண்டா?

#13 மண்குரல்

கர்நாடகம், கோலார் மாவட்டம், பூதிகோட்டை. ஹைதர் அலி பிறந்த ஊர். 2000களின் தொடக்கத்தில் 'நம்ம த்வனி' அங்கே கேபிள் வழியாக ஒலித்தது. வானில் அனுப்ப அனுமதி இல்லை, ஆகவே உள்ளூர் கேபிள் டிவி இணைப்பில் ஒலியை மட்டும் செலுத்தினார்கள். பின்னணியில் இருந்தவை மைராடா, வாய்சஸ் என்ற தொண்டு அமைப்புகள். நிகழ்ச்சி செய்தவர்களில் சுயஉதவிக் குழுப் பெண்கள் பலர். கேபிளில் எட்டும் தூரம் இணைப்பு உள்ள வீடுகளோடு முடிகிறது, அதுதான் குறை. ஆனால் அலைவரிசைக் கட்டணமும் கோபுரமும் தேவையில்லை.

#14 அலைநீளம்

மண்குரல் அண்ணா, உரிமத்துக்கு முன் பதிவான கேசட்டுகள் இப்படிப்பட்ட அமைப்புகளிடம் பெட்டி பெட்டியாக இருக்கும். அவற்றை டிஜிட்டலாக்க என்ன செய்யலாம்?

#15 மண்குரல்

தம்பி, ஓட்டுவதற்கு முன் கேசட்டைத் திறந்து, நாடாவைப் பிளேயரின் தலையோடு அழுத்தும் சிறு பஞ்சைப் பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் உயர் ஒலிகள் மங்கும், வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். கேசட்டின் மேலோடு திருகாணி போட்டதாக இருந்தால் திறப்பது எளிது, ஒட்டிய ஓடாக இருந்தால் நாடாவைப் புது ஓட்டுக்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தனியே வையுங்கள், அதே பிளேயரில் ஓட்டினால் மற்ற நாடாக்களுக்கும் பரவும். முழு நாடாவையும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி இறுக்கத்தைச் சமமாக்குங்கள். நாடாவைப் படிக்கும் பிளேயர் தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் நான்கைந்து கேசட்டுக்கு ஒருமுறை துடையுங்கள்.

பிறகு தலையின் சாய்வு. பதிவு செய்த ரெக்கார்டரின் சாய்வும் உங்கள் பிளேயரின் சாய்வும் ஒன்றாக இராது. ஒலியை மோனோவாக்கி, ச, ஸ ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும்வரை தலையின் பக்கத்தில் உள்ள சிறு திருகை மெல்லத் திருப்புங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுக் கணினியில் எத்தனை மென்பொருள் போட்டாலும் அந்தக் கூர்மை திரும்பாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்கத்தை மூலக் கோப்பில் செய்யாதீர்கள், நகலில் மட்டும். 90 நிமிடக் கேசட் ஒன்று மோனோவில் சுமார் 780 எம்பி பிடிக்கும். இரண்டு வன்தட்டு, இரண்டு வெவ்வேறு கட்டடத்தில்.

கேசட் உறையில் இருக்கும் கையெழுத்தைப் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். பேசியவர் பெயர், ஊர், பாடிய பாட்டின் முதல் அடி, எந்த விதை அல்லது எந்த வேலை பற்றியது, இத்தனையும் கோப்போடு இருக்க வேண்டும். உறையில் 'அம்மா பாட்டு 3' என்று மட்டும் இருந்தால் அந்த ஊருக்கே போய் ஒலியைப் போட்டுக் காட்டுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.